பதிந்த தேதியும் சேர்ந்த தேதியும்

ஜூலை 2, ஞாயிறு

தண்ணீர் 700 மில்லி. எடை 62.1.

இந்த டைரியில் டயாலிசிஸ் நர்ஸ் பெமிலா சிஸ்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, காலையில் எடை எவ்வளவு. இரண்டே எண். ஆனால் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இரண்டு எண்ணோடு பக்கத்தை மூடக் கை வராது. எந்த வண்டி எப்போது கிளம்பியது, ஏன் பிந்தியது, யார் லீவு, யாருக்குப் பதில் யார் என்று எழுதியே பழகிய கை. அதனால் மிச்ச இடத்தில் தோன்றியதை எழுதுகிறேன். சிஸ்டருக்கு எண் மட்டும் போதும், மற்றதைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

நாளை எங்கள் முறை. திங்களும் வியாழனும் எங்களுடையது. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் மூன்று. காலை ஆறரைக்கு ஒரு ஷிப்ட், பதினொன்றரைக்கு இன்னொன்று. ஆக எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். காலையில் முதல் மெஷினில் நான், அடுத்ததில் ரத்னாபாய் டீச்சர், மூன்றாவதில் பைக் மெக்கானிக் லிங்கதுரை. மதியம் ஹார்டுவேர் கடை அமீன் பாய், உப்பளத்தில் வேலை பார்த்த தங்கப்பழம், மூன்றாவதில் சவுரியம்மாள். சவுரியம்மாள் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிற மீன்காரி.

எனக்கு வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பதினோரு மணிக்கு வீடு திரும்பிப் படுத்தால் மாலை வரை தூக்கம். டிசம்பர் 31 அன்று பேர் பதிந்தேன், ஜனவரி 9 அன்று மெஷினில் ஏறிவிட்டேன். நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 3, திங்கள்

தண்ணீர் 650. ஏறும்போது 62.8, இறங்கும்போது 60.4.

ஒன்பது மணிக்கு மூன்றாவது மெஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து லிங்கதுரையின் ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, குழாயைக் கழற்றினார். டெக்னீஷியன் வந்து மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நான் நேரத்துக்கு முடித்து வந்துவிட்டேன்.

மதியக் கூட்டத்தில் சவுரியம்மாளுக்கு மெஷின் கிடைக்க மணி நாலாகிவிட்டதாம். முடித்து இறங்க எட்டு. கடலோர வண்டி எனக்கு மனப்பாடம். எங்கள் ஊரிலிருந்து காலை 6.20, மதியம் 12.10, அப்புறம் 5.30, கடைசி 7.45. அந்த ஷெட்யூலில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். இன்று கடைசி வண்டியும் போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டில் தங்கினாளாம். வழக்கமாகவே மூன்றரைக்கு இறங்கி ஐந்தரை வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாள் என்று என் மனைவி பகவதி ஒருமுறை சொன்னாள். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 4, செவ்வாய்

தண்ணீர் 700. எடை 61.0.

பத்து மணிக்கு ஆறு பேரையும் வரச் சொன்னார்கள். மெஷினுக்கு ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். மூன்று வாரம் என்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேருக்குத்தான் இங்கே இடம். மிச்ச இரண்டு பேர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். விடிகாலை 4.45 வண்டியைப் பிடித்தால்தான் எட்டு மணிக்கு மெஷின். டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஆறு பேரும் உடம்பளவுல ஒரே மாதிரிதான் இருக்கீங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

பேசினோம். அதை எழுதிவைக்க வேண்டும், அவ்வளவு ரசமாக இருந்தது.

அமீன் பாய் முதலில் ஆரம்பித்தார். "இதுல பேச என்ன இருக்கு? எந்த மெஷின் கெட்டுச்சோ அந்த மெஷின்ல இருந்தவங்க போகட்டும். மத்தவங்களை ஏன் இழுக்கணும்?"

ரத்னாபாய் டீச்சருக்கு வயது அறுபத்தாறு. அந்தக் குரலில் இன்னும் சாக்பீஸ் வாசம் போகவில்லை. "வயசுல சின்னவங்க போறதுதான் முறை. முட்டி தேஞ்ச எங்களை அலைக்கழிக்கிறது நியாயமா?"

லிங்கதுரைக்கு இருபத்தாறு வயது. அவன், "ஆளுக்கு ஒரு தடவை முறை வச்சுப் போவோம், முடிஞ்சுது சோலி" என்றான். எல்லோரும் சமம் என்று பேசுவது அந்த வயதில் எளிது.

தங்கப்பழம் மட்டும் சிரித்தார். "போகச் சொன்னா போறேன், இருக்கச் சொன்னா இருக்கேன். நம்மகிட்ட யாரு நியாயம் கேட்டா இதுவரைக்கும்?"

சவுரியம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர், "ஆவுடையப்பன் சார் டிப்போவுல டியூட்டி சார்ட் போட்டவர், அவரே ஒரு லிஸ்ட் போடட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் பேப்பரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

டிப்போவில் நூற்று நாற்பது பேரை மேய்த்தது ஒரே ஒரு வார்த்தையை வைத்துத்தான். சீனியாரிட்டி. நல்ல ரூட், கெட்ட ரூட், தீபாவளி டியூட்டி எல்லாம் அதன்படி. லிஸ்டைக் காட்டினால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். இங்கேயும் அதுதான். மெஷினில் சேர்ந்த தேதிப்படி அமீன் பாய், டீச்சர், தங்கப்பழம், நான், ஜூன் தொடக்கத்தில் சவுரியம்மாள், ஜூன் கடைசியில் லிங்கதுரை. கடைசி இரண்டு பேர் போக வேண்டும். அமீன் பாய் சொன்ன வழியில் பார்த்தாலும் அதே இரண்டு பேர்தான் வருகிறார்கள். கணக்கு இப்படிப் பொருந்தினால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

யாரும் மறுக்கவில்லை. சிஸ்டர் மட்டும் லிஸ்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

ஜூலை 5, புதன்

தண்ணீர் 800. எடை 61.9.

ராத்திரிச் சாப்பாட்டில் பகவதி கேட்டாள். "அந்த மீன்காரம்மா உங்களுக்கு முன்னாலயே பேரு எழுதுனவங்கல்லா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டிசம்பர்ல உங்க பேரைப் பதிய நான்தானே போனேன். நோட்டுல காத்திருக்கவங்க பட்டியல்ல முதல் பேரு அவங்கதான். ஆகஸ்ட் தேதி போட்டிருந்துச்சு. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாவ. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு அலைஞ்சு கால் வீங்கிப்போச்சுன்னாவ."

பதிந்த தேதி வேறு, சேர்ந்த தேதி வேறு என்று விளக்கினேன். சீனியாரிட்டி சேர்ந்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும். பகவதி ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

டிப்போவில் செண்பகராஜ் என்று ஒரு கண்டக்டர். வேலைக்கு ஆர்டர் வாங்கியது முன்னால், ஆபீஸ் தாமதத்தால் டியூட்டியில் சேர்ந்தது பின்னால். அவனைக் கடைசியில் தள்ளினார்கள். ஆர்டர் தேதியைத்தான் பார்க்க வேண்டும், தாமதம் அவன் குற்றமில்லை என்று மேனேஜர் மேஜையில் குத்திப் பேசியவன் நான். செண்பகராஜ் ஜெயித்தான். அது வேறு விஷயம். இங்கே அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

மாரிதுரை ஒரு போன் போட்டது உண்மைதான். பழைய யூனியன் ஆள், இப்போது கட்சியில் பெரிய இடம். போட்டான், இடம் கிடைத்தது. நான் என்ன அவன் காலில் விழுந்தா கேட்டேன்?

ஜூலை 6, வியாழன்

தண்ணீர் 700. ஏறும்போது 62.9, இறங்கும்போது 60.5. மூன்றாவது மெஷினைப் போர்வை போட்டு மூடியிருக்கிறார்கள். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 8, சனி

தண்ணீர் 750.

காலையில் லிங்கதுரை கடைப் பக்கம் போனேன். ஒரு பைக்கின் வயிற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமைப் பயணம் எப்படி என்று சும்மா கேட்டேன்.

"போக்கு பரவால்ல அண்ணாச்சி. அந்தம்மா ஊர்ல இருந்து விடியக்காலம் பஸ் கிடையாதுல்லா. மூணரைக்குப் பைக்ல போயி நான்தான் கூட்டியாந்தேன். திரும்பி வாரதுதான் பெரும்பாடு. சீட் கிடைக்கல. ரத்தம் சுத்தி முடிச்ச உடம்போட கம்பியப் புடிச்சிட்டு நிக்கணும்னா யோசிச்சுப் பாருங்க."

"நடத்துநர்கிட்ட சொன்னா சீட் குடுப்பானே?"

"சொன்னேன். எனக்குக் குடுத்தாவ. நான் அந்தம்மாவ உக்கார வச்சேன்." ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "நீங்க வியாழக்கிழமை எத்தனை மணிக்கு எந்திரிப்பீய?"

ஆறு மணிக்கு என்று சொல்ல என்னவோ போல் இருந்தது. ஐந்தரை என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

தண்ணீர் 950. எடை 62.7. நேற்றுத்தான் மெஷினில் ஏறி இறங்கினேன், அதற்குள் இப்படி. பெமிலா சிஸ்டர் பார்த்தால் திட்டுவார்.

நேற்று எழுதவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வரும் வழியில் பஸ் டயர் வெடித்து இரண்டு மணி நேரம் ரோட்டில் நின்றிருக்கிறது. நல்ல வெயில். சவுரியம்மாளுக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்து, பிறகு மயங்கி விழுந்துவிட்டாளாம். லிங்கதுரை தன் சட்டையைக் கிழித்துக் கையைக் கட்டி, ஒரு மீன் லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது பரவாயில்லை என்கிறார் சிஸ்டர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டயாலிசிஸ் ஊசிக்குன்னு ஆபரேஷன் பண்ணி கையில வச்ச நரம்பு அடைச்சிரும். அப்புறம் அவங்களுக்கு ஊசி போட இடமே இருக்காது" என்றும் சொன்னார்.

ஊசி போட இடமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆறு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

மாரிதுரையைக் காலில் விழுந்து கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். விழவில்லை. ஆனால் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை அழுதேன்.

ஜூலை 12, புதன்

தண்ணீர் 900. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13, வியாழன்

தண்ணீர் 700. ஏறும்போது 64.0, இறங்கும்போது 60.9. சிஸ்டர் திட்டினார்.

தூக்கம் வரவில்லை. மெஷின் சுற்றுகிறது, நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த நேரத்தில் அவர்கள் அங்கே ஏறியிருப்பார்கள் என்று மனதுக்குள் டைம் போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் ஜெபப் புத்தகம் படித்தார். சவுரியம்மாள் மயங்கி விழுந்ததைப் பற்றி, "பாவம், நல்லா சாப்பிட்டுப் போகணும், சொன்னா கேக்கிறதில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

இறங்கியதும் பதிவு நோட்டைக் கேட்டேன். சிஸ்டர் எதுவும் கேட்காமல் திருப்பி என் முன்னால் வைத்தார். ஆகஸ்ட் 14, சவுரியம்மாள். டிசம்பர் 31, ஆவுடையப்பன். பிப்ரவரி 20, லிங்கதுரை. பதிந்த தேதிப்படி லிஸ்ட் போட்டால் போக வேண்டியவர்கள் லிங்கதுரையும் நானும்.

"ஜனவரி எட்டாம் தேதி அந்தம்மாவுக்கு நான்தான் போன் பண்ணினேன்" என்றார் சிஸ்டர். "நாளைக்கு வாங்க, காலை ஷிப்ட், இடம் வந்திருச்சுன்னு. சாயங்காலமே மறுபடி பண்ணி வேண்டாம்னு சொன்னேன். மேல இருந்து சொன்னாங்க, செஞ்சேன். நானும்தான் ஐயா இதுல இருக்கேன்."

பாகம் வருவது இன்னும் தள்ளிப்போகிறது. ஆகஸ்ட் 3 வரை இதே நிலைதான்.

ஜூலை 15, சனி

தண்ணீர் 800. எடை 62.

காலை 6.20 கடலோர வண்டியில் போனேன். பகவதியிடம் மீன் வாங்கப் போகிறேன் என்றேன். டாக்டர் எனக்கு மீனையே பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை, ஆனாலும் பை எடுத்துக் கொடுத்தாள்.

கடற்கரையில் நாலைந்து பேர் சேர்ந்து பிடித்த மீனைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கூறு வைப்பது என்கிறார்கள். மணலில் சாக்கை விரித்து, ஒருவர் மீனைக் குவியல் குவியலாக வைக்கிறார். இன்னொருவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிற்கிறார். வைத்தவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்கிறார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பேரைச் சொல்கிறார். யாரும் முணுமுணுக்கவில்லை. அவரவர் குவியலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சவுரியம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தார். கையில் கட்டு. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொன்னேன். நானும் மணலில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்துவைத்தது எல்லாம் மறந்துவிட்டது. ஜனவரியில் உங்கள் இடத்தைப் பிடித்தது நான்தான் என்று நேராகச் சொல்லிவிட்டேன். போன் போடச் சொன்னதைச் சொன்னேன். லிஸ்டையும் தெரிந்தே அப்படிப் போட்டேன் என்று சொன்னேன்.

அவர் மீன் பிரிப்பதை நிறுத்தவில்லை. பிரித்துக்கொண்டே பேசினார்.

"அஞ்சு மாசம். வாரத்துக்கு ரெண்டு தடவை. என் மவ பிரசவத்துக்கு வந்திருந்தா, பக்கத்துல இருக்க முடியல. யாரோ ஒருத்தருக்கு ரொம்ப முடியல போலிருக்கு, அதான் நம்ம இடத்தக் குடுத்துட்டாவன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். நீங்க நடந்து வந்து ஏறுதீய."

மணலில் விழுந்த நெத்திலி ஒன்றை எடுத்து அவர் குவியலில் போட்டேன்.

"அந்தா பாருங்க" என்று கூறு வைத்த இடத்தைக் காட்டினார். "கூறு வைக்கவரு பேரு சொல்லக்கூடாது. பேரு சொல்லுதவரு கூறப் பாக்கக்கூடாது. எங்க ஊர்ல இது இல்லேன்னா தெனமும் வெட்டுக்குத்துதான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில இதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க கூறையும் வச்சு, பேரையும் நீங்களே சொல்லிட்டிய."

வரும் திங்களிலிருந்து உங்களுக்குப் பதில் நான் போகிறேன் என்றேன்.

"அது உங்களுக்கும் எனக்கும் உள்ள பேச்சா ஆயிரும். மத்த நாலு பேருக்கும் நீங்க ரொம்ப நல்லவரா ஆயிருவீய. என்கிட்ட மட்டும் சொல்லி எறக்கி வச்சிட்டுப் போனா, அந்தப் பாரத்த நான்தான் சுமக்கணும். நாளைக்குப் பூச முடிஞ்சு வாரேன். ஆறு பேரு முன்னாலயும் சொல்லுங்க."

மீன் வாங்காமல் வெறும் பையோடு திரும்பினேன். பகவதி பையைப் பார்த்தாள். நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லவேளை" என்றாள். எது நல்லவேளை என்று சொல்லவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

தண்ணீர் 600. தாகமே இல்லை.

பதினோரு மணிக்கு ஆறு பேரும் சிஸ்டரும். சொன்னேன். முதல் வாக்கியத்தை இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. யூனியன் கூட்டத்தில் ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்தவன் நான்.

டீச்சர் கொதித்துவிட்டார். "முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை வரிசையில நிக்க வச்சவ நான். வரிசையை உடைக்கிறவனை எனக்குப் பிடிக்காது. மிச்சம் இருக்கிற அத்தனை நாளும் நீங்கதான் போகணும், ஆவுடையப்பன் சார்." அதுவே சரி என்றான் லிங்கதுரையும்.

அமீன் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், அப்படின்னா என்னையும் சேர்த்துக்குங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஆளப் புடிச்சுத்தான் உள்ள வந்தேன். உயிர் போகுதுன்னு தெரியும்போது யாரு வரிசையப் பாக்கா? தப்புன்னு அன்னைக்குத் தோணல. இப்பவும் முழுசாத் தோணல. ஆனா இந்தம்மா முகத்தைப் பாத்தா பேச முடியல."

தங்கப்பழம் வழக்கம்போலச் சிரித்தார். "நமக்கு ஒரு மனுசனையும் தெரியாது. ஏழு மாசம் காத்துக் கெடந்துதான் வந்தேன். அந்த நோட்டுல இன்னும் பதினாலு பேரு நிக்காவளே, அவியளுக்கு நாம ஆறு பேருமே ஒண்ணுதான்." அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டீச்சரும் கொஞ்சம் அடங்கிவிட்டார்.

மிச்ச ஆறு நாளும் நானே போகிறேன் என்றேன். சவுரியம்மாள் மறுத்துவிட்டார். "தண்டனைக்கு நான் இங்க வரல. கூறு வைங்க. உங்களுக்கு எது வருதோ அது."

கூறு வைத்தேன். ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 3 வரை மொத்தம் ஒன்பது நாள். நாளுக்கு இரண்டு பேர், பதினெட்டுப் பயணம். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று. சவுரியம்மாளும் லிங்கதுரையும் ஏற்கெனவே மூன்று முறை போய்விட்டார்கள். அவர்கள் பங்கு தீர்ந்தது. மிச்சம் பன்னிரண்டை நாலு சீட்டில் மூன்று மூன்று தேதியாக எழுதினேன். எந்தச் சீட்டும் லேசாகவோ கனமாகவோ ஆகிவிடாமல் மூன்று முறை மாற்றி மாற்றி எழுதினேன். எது எனக்கு வரும் என்று தெரியாமல் லிஸ்ட் போடுவது இதுதான் முதல் தடவை. கை எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறது.

சவுரியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சிஸ்டர் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டார். "இது யாருக்கு?" "தங்கப்பழத்துக்கு." "இது?" "டீச்சருக்கு." அடுத்தது எனக்கு, கடைசி பாய்க்கு. எனக்கும் தங்கப்பழத்துக்கும் நாளைக்கே பயணம்.

டீச்சர் தன் சீட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். லிங்கதுரை, "அதுல ஒரு நாள நான் போறேன் டீச்சர்" என்றான். கூறு வைத்த பிறகு மாற்றலாமா என்று நான் சட்டம் பேசினேன்.

"அவன் பங்கு மீனை அவன் யாருக்கும் குடுக்கலாம்லா? அது அவன் இஷ்டம்" என்றார் சவுரியம்மாள்.

அமீன் பாய், தன் தேதியில் தன்னோடு யாருக்கு முறையோ அவர்கள் காரிலேயே வரலாம் என்றார். அன்று கெட்டுப்போன மெஷின்காரர்கள்தான் போக வேண்டும் என்று பேசிய மனுஷன்தான்.

ஜூலை 17, திங்கள்

எடை 60.2. தண்ணீர் எவ்வளவு என்று அளக்கவில்லை.

4.45 வண்டி 4.58க்குக் கிளம்பியது. டைம் கீப்பராக இருந்திருந்தால் எழுதியிருப்பேன். போகும்போது சீட் கிடைத்தது, வரும்போது இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபோது கால் பஞ்சாகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் வண்டிகளை அனுப்பியிருக்கிறேன், உள்ளே நிற்பவனைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து பகவதியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்குப் போனேன். ஐந்து மாதம் என்று அவர் சொன்னது இப்போதுதான் உடம்புக்குப் புரிகிறது.

ஜூலை 22, சனி

தண்ணீர் 700. எடை 61.3.

டீச்சர் ஆள் அனுப்பி என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். காத்திருப்போர் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம், பதிந்த தேதியோடு. "உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார். இன்னும் என் மேல் கோபம்தான், சிரிக்கவில்லை. ஆனாலும் சார்ட் பேப்பர் அவரே வாங்கி வைத்திருந்தார். டாக்டரிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. பதினாலு பேரையும் எழுதினேன். எழுதும்போது ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்தேன்.

ஜூலை 29, சனி

தண்ணீர் 750.

மாரிதுரை போனில் பேசினான். அவன் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டுமாம். "நீங்க உள்ளயே இருக்கீயளே அண்ணாச்சி, சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." அவன் எனக்குச் செய்தது சின்ன உதவி இல்லை, அதை மறக்க மாட்டேன். ஆனால் பட்டியல் சுவரில் இருக்கிறது, பதினைந்தாவது பேராக நானே எழுதுகிறேன் என்றேன். அதுவரை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்வர வேண்டுமானால் முதல் நாள் நான் வருகிறேன், வழி தெரியும் என்றும் சொன்னேன். வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 2, புதன்

தண்ணீர் 700. மாரிதுரையின் சித்தப்பா மகன் வந்து பேர் பதிந்துவிட்டுப் போனானாம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

தண்ணீர் 650. ஏறும்போது 62.5, இறங்கும்போது 60.3.

மூன்றாவது மெஷின் ஓடுகிறது. இனி யாரும் எங்கும் போக வேண்டாம். முதல் நாள் என்பதால் சிஸ்டர் ஆறு பேரையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். சவுரியம்மாள் லிங்கதுரையின் பைக்கில் வந்திறங்கினார்.

"எல்லாரும் பழைய இடத்துக்கே போயிரலாம்" என்றார் சிஸ்டர்.

நான் ஒரு வாரமாக மனதில் ஒன்று எழுதிவைத்திருந்தேன். காலை ஷிப்டை சவுரியம்மாளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுவரை தயார். டீச்சர் முகம் இளகும் என்றுகூட எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

வாயைத் திறப்பதற்குள் சவுரியம்மாள் பேசிவிட்டார்.

"பழைய இடம் வேண்டாம் சிஸ்டர். ஜனவரியில எனக்கு வந்தது காலை ஷிப்ட், முதல் மெஷின். அதுதான் என் இடம். நான் அங்க ஏறுதேன்."

கேட்கவில்லை, கெஞ்சவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு, நேராகப் போய் முதல் கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை, ஊசியை எடுத்தார். கொடுத்து நல்ல பேர் வாங்கலாம் என்று நான் வைத்திருந்த இடம், நான் கொடுக்க என்னுடையதாகவே இருக்கவில்லை.

இனி அவர் காலையில் லிங்கதுரையோடு பைக்கில் வந்து, 12.10 வண்டியில் வீடு போய்விடலாம். வீட்டுக்கு வந்து, மறுபடி பதினொன்றரைக்குப் போனேன். மதிய ஷிப்டில் எனக்கு மூன்றாவது மெஷின், பக்கத்தில் தங்கப்பழமும் அமீன் பாயும். வெயில் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் அடிக்கிறது. பாய் கடைக் கதை ஒன்றை ஆரம்பித்தார், முடிப்பதாகத் தெரியவில்லை. தூங்க வழியே இல்லை. மூன்றரைக்கு இறங்கினேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனவரிக்குப் பிறகு, இது யாருடைய இடம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமில்லாமல் மெஷினில் படுத்திருந்தது இன்றுதான்.